இவர் கேட்ட பெரிய கார்டு

“கேமுக்கா சார்? வூட்ல பசங்களுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர்.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குத் திரும்பும் சந்தில் ஒரு மாடிக்கடை. படியேறும்போது கீழே பழக்கடையிலிருந்து கனிந்துபோன அன்னாசி வாசனையும், மேலே புது அட்டைப்பெட்டிகளின் வாசனையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன. கண்ணாடி அலமாரிக்குள் கம்ப்யூட்டர் பெட்டிகள் பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஆடி மாதத்து அம்மன் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

“பசங்களுக்கு இல்லப்பா. எனக்குத்தான். ஒரு கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணணும். வீட்லயே” என்றார் என் கணவர்.

கடைக்காரரின் பெயர் தனசேகர். அவர் முதலில் இவருடைய நரைத்த மீசையைப் பார்த்தார். பிறகு, சாயங்காலத்துக்கு வாங்கிய முள்ளங்கிப் பையோடு நின்ற என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

இவர் ஏற்கெனவே எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். எந்த பிராசஸர், எவ்வளவு ராம், படங்களை வைக்க எவ்வளவு பெரிய எஸ்எஸ்டி என்று கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். கிராஃபிக்ஸ் கார்டு வந்ததும்தான் வண்டி நின்றது. இவர் கேட்டது, கடையில் இருந்ததிலேயே பெரியது. செங்கல் அளவுக்கு இருந்தது. அதற்கு மூன்று மின்விசிறிகள் வேறு.

“சார், கல்யாண வீடியோவை வெட்டி ஒட்றதுக்கு இம்மாம் பெரிய கார்டு இன்னாத்துக்கு? சின்னதே போதும். மிச்சத்துக்கு ராம் ஏத்திக்கோங்க, நல்ல மானிட்டரா ஒண்ணு எடுத்துக்கோங்க. பெர்சு வித்தா எனக்குத்தான் லாபம். அப்பவும் சொல்றேன் பாருங்க” என்றார் தனசேகர்.

நியாயமான பேச்சு. வேறொரு நாளாக இருந்தால் நானே எழுந்து அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

“இல்ல, பெரிசே இருக்கட்டும். தேவைப்படும்.”

“எதுக்கு சார் தேவைப்படும்?”

இவர் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அலமாரியைப் பார்த்தபடி நின்றார்.

“பெரிசையே போடுங்க” என்றேன் நான்.

இவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கடையிலும் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை இவர் கேட்டதில்லை. குக்கர் வாங்கப் போனால்கூட ஒரு லிட்டர் குறைவாகக் கேட்கிற ஜாதி நான்.

உரிக்காத உறைகள்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள், நாங்கள் நேற்றுதான் குடிவந்தோம் என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம், என் கணவர் எந்தப் பொருளிலிருந்தும் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்க மாட்டார்.

ஃப்ரிட்ஜ் கதவில் அது ஓரங்களில் மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கிறது. டிவி ரிமோட், உறைக்குள் ரப்பர் பேண்டு சுற்றி, மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். வாஷிங் மெஷினின் பட்டன்களை உறையோடு சேர்த்துத்தான் அழுத்த வேண்டும். ஒரு முறை கைக்கடிகாரத்தின் பின்பக்கத்து உறையோடு கட்டிக்கொண்டு, மணிக்கட்டு அரித்து, தோல் டாக்டர் வரைக்கும் போய்வந்தார்.

எனக்கோ அதைக் கண்டால் கை பரபரக்கும். இவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ஒரு மூலையை நகத்தால் நெம்பி, சர்ரென்று ஒரே இழுப்பாக உரித்துவிடுவேன். அந்தச் சத்தத்தில் இருக்கிற சுகம் எனக்குத்தான் தெரியும். இவர் தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து, “வசந்தி, எதை உரிச்சே?” என்று கத்துவார். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இந்த வகைதான்.

தொழில் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. இவர் வேலை பார்த்தது திருமுடிவாக்கத்தில், ஸ்டீல் தகட்டில் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். சரக்கைத் தரம் பார்த்து அனுப்பும் பொறுப்பு. அங்கே பளபளப்பான தகடு முழுக்க ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். வளைப்பது, வெட்டுவது எல்லாம் அதோடுதான். வாங்குகிறவன்தான் அதை உரிக்க வேண்டும். நடுவில் எவனாவது உரித்து ஒரு கீறல் விழுந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். வருஷக்கணக்காக அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர், வீட்டில் எப்படி உரிப்பார்?

(இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து எட்டிப் பார்த்து, “இந்த வாரமும் என் மானத்தை வாங்கறியா?” என்கிறார். பத்திரிகை வந்ததும் முதலில் பிடுங்கிப் படிக்கப்போகிறவரும் இவர்தான்.)

இவருடைய இன்னொரு பழக்கம் கேமரா. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் கேமராவும் கையுமாக நிற்பார். ஸ்டாண்டு பிடிக்காது. “ஸ்டாண்டு போட்டா கல்யாணம் நகரும், கேமரா நகராது” என்பார். வெறும் கையில் பிடித்தே எடுப்பார். படம் இம்மி அசையாது. முடியின் கனத்தைக்கூட அளந்து சொல்லும் கருவியை நாளெல்லாம் பிடித்திருந்த கை அது. கீழ்க்கட்டளையில் இருக்கும் எங்கள் மகள் நித்யா, ஆடாமல் பிடிக்க இப்போது ஏதோ கைப்பிடியெல்லாம் வந்திருக்கிறது, வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். “எனக்கா? எதுக்கு?” என்று கேட்டார். நிஜமாகவே ரோஷப்பட்டார்.

“இது என் மொய்”

இப்போது செல்வியைச் சொல்லியாக வேண்டும்.

செல்வி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கோவளம் பக்கத்துக் குப்பம். விடியலில் கிளம்பி, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, எங்கள் தெருவுக்கு வரும்போது இட்லி வேளை தாண்டியிருக்கும். நான் ஸ்கூலில் வேலை பார்த்த காலத்தில் எனக்காக மீனை ஆய்ந்து, மஞ்சள் தடவி, டப்பாவில் போட்டு எதிர் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். என்னை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிடுவாள். சங்கரா மீனின் விலையில் மட்டும் டீச்சரம்மாவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் குமார் ஓமனில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். மகள் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதாள் செல்வி.

“ஒரே தங்கச்சி டீச்சரம்மா. அது கல்யாணத்தப் பாக்காம அங்க வலைய இஸ்த்துகினு கீறான். வீடியோவாச்சும் நல்லா எட்த்து அனுப்பும்மான்னு போன்ல அழுவறான்.”

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் எழுந்து வந்தார்.

“வீடியோக்காரனுக்கு அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாத செல்வி. நான் வந்து எடுக்கறேன். இது என் மொய்.”

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சார் சொல்லிட்டா அப்பால இன்னா கீது” என்றாள். வேறு வீடியோக்காரனை அவள் ஏற்பாடு செய்யவே இல்லை. போட்டோ எடுக்க மட்டும் ஒருவர் வந்திருந்தார்.

கல்யாணம் குப்பத்து அம்மன் கோயிலை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் நடந்தது. வாசலில் காயவைத்த வலை, உள்ளே மல்லிகை, எங்கும் உப்புக் காற்று. மாப்பிள்ளைக்கு மச்சான் போட வேண்டிய மோதிரத்தைச் சித்தப்பா மகன் போட்டான். செல்வி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

தாலி கட்டும் நேரத்தில் கூட்டம் எழுந்து முட்டியது. இவர் எனக்குப் பின்னால் வந்து, முழங்கையை என் இடது தோளில் ஊன்றிக்கொண்டு படமெடுத்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க” என்று பல்லைக் கடித்தேன்.

“சும்மா நில்லு” என்றார்.

நின்று நின்று கால் வலிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

நான் பார்த்த படம்

கல்யாணம் முடிந்து நாட்கள் ஓடின. வீடியோவை இவர் கண்ணில் காட்டவே இல்லை. நித்யா விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போனால் மூடிவிடுவார். “இது இழுக்கமாட்டேங்குது. புது கம்ப்யூட்டர் வாங்கணும், பெரிய கார்டு போட்டு” என்பார். “எதுக்கு அவ்வளவு செலவு? இதுல வெட்டி ஒட்ட முடியாதா?” என்பேன் நான். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனவர், லேப்டாப்பை மூட மறந்துவிட்டார். திரையில் தேவியின் முகம் அசையாமல் நின்றிருந்தது. ஆசையாக ஓடவிட்டேன்.

படம் நடுங்கியது.

கடற்கரைக் காற்று என்று நினைத்தேன். அடுத்ததைப் பார்த்தேன். கூடத்துக்குள்ளே எடுத்தது, காற்றே இல்லை. அதுவும் நடுங்கியது. மோதிரம் போடுவது, மாலை மாற்றுவது, செல்வி கும்பிடுவது என்று எல்லாமே சல்லடையில் போட்டுச் சலிக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. சிறிது நேரம் பார்த்ததில் எனக்குத் தலை சுற்றியது.

அப்புறம் ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றது. டம்ளரும் டவராவும் வேண்டாம், பிடி வைத்த கப்பில் காபி கொடு என்று இவர் கேட்க ஆரம்பித்தது. பட்டன் சட்டைகளை விட்டுவிட்டு டீ-ஷர்ட்டுக்கு மாறியது. “இந்த வயசுல ஸ்டைலைப் பாரு” என்று நான் கேலி செய்தது. தாடையில் அடிக்கடி பிளேடு வெட்டு. பேங்க்கில் கையெழுத்துப் போட வேண்டிய வேலைகளுக்கெல்லாம் என்னை அனுப்பியது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் சொல்லாமல் அப்படி என்ன ரகசியம்? ஊரில் எல்லாருக்கும் வருகிறதுதானே? ஆனால் அந்தக் கோபம் அடுப்பில் வைத்த பால் பொங்கும் வரைக்கும்கூட நிற்கவில்லை. பயமாகிவிட்டது. பிறகு மனசு வலித்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு, “இது என் மொய்” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அந்த மனுஷன் எப்படித் தவித்திருப்பார்!

லேப்டாப்பில் இன்னொரு பக்கமும் திறந்திருந்தது. ஆடுகிற படத்தை ஆடாமல் செய்வது எப்படி என்று யாரோ விளக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரே படத்தின் ஒவ்வொரு துண்டையும் ஆராய்ந்து நேராக்கிவிடுமாம். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமாம். நித்யாவின் லேப்டாப், ஒரு துண்டை நேராக்கப் போய், பாதியில் மூச்சை நிறுத்திக்கொண்டு கிடந்தது.

ஆக, பெரிய கார்டு இதற்குத்தான்.

இவர் திரும்பி வந்தார். லேப்டாப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கறிவேப்பிலைக்கா போனீங்க? பாதி வாடிக் கிடக்கு” என்று சண்டை பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். இவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். “நாளைக்குக் கடைக்குப் போலாமா, கம்ப்யூட்டர் பாக்க?” என்று மட்டும் சாயங்காலம் கேட்டேன்.

அந்தக் கடையில் ‘பெரிசையே போடுங்க’ என்று நான் சொன்ன கதை இதுதான்.

டைனிங் டேபிளில் ஒரு ஃபாக்டரி

“பார்ட்டெல்லாம் நானே மாட்டிக் குடுத்துடறேன் சார். அதுக்குத் தனியா ஒண்ணும் வாணாம்” என்று தனசேகர் சொல்லத்தான் சொன்னார். இவர் கேட்கவில்லை. “மெஷினைப் பூட்டிப் பிரிக்கற இடத்துலயே காலம் தள்ளினவன்பா நான்” என்றார்.

கையால் ஒன்றை முழுசாகச் செய்துவிட வேண்டும் என்ற வீம்பு அது. எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சாதாரண விஷயமில்லை என்பது வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை டைனிங் டேபிளில் பழைய வேட்டியை விரித்து, எல்லாவற்றையும் பரப்பினார். நான் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்குரூ ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. இவர் குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் எடுத்தார். நடுவில் வெகு நேரம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

நான் எழுந்து போகவில்லை. போனால் இவர் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். கீரை முழுக்கத் தீர்ந்தும், காம்புகளைத் திரும்பத் திரும்ப ஆய்ந்துகொண்டிருந்தேன்.

சாப்பாட்டு வேளை தாண்டி, “வசந்தி! வா, வா!” என்று கூப்பிட்டார். பெட்டி உயிரோடு இருந்தது. மானிட்டரில் வெளிச்சம். இவர் முகத்தில் அதைவிட வெளிச்சம். குங்குமம் எடுத்துவந்து பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவில் வழக்கம்போல உறை அப்படியே இருந்தது. கை தானாகப் போயிற்று.

“தொடாத!” என்றார்.

பாதியில் அணைந்த கல்யாணம்

கார்டு நன்றாகத்தான் வேலை செய்தது. லேப்டாப் ஒரு பொழுது முழுக்கத் திணறிய துண்டை, நான் காபி ஆற்றுவதற்குள் நேராக்கிக் கொடுத்தது. நடுங்கிக்கொண்டிருந்த தேவி அமைதியாக உட்கார்ந்து சிரித்தாள். இவர் சீட்டியடித்தார்.

எல்லாத் துண்டுகளையும் கோத்து ஒரே படமாக வெளியே எடுக்கும்போதுதான் தகராறு ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போகும், பட்டென்று பெட்டி அணைந்துவிடும். திரும்பப் போட்டால் எரியும். மறுபடி படத்தை எடுக்கச் சொன்னால், மாலை மாற்றும் இடத்துக்குக்கூட வராமல் அணைந்துவிடும்.

கரண்டு சரியில்லை என்றார். யூபிஎஸ்ஸை மாற்றி மாட்டினார். எர்த்து சரியில்லை என்றார் எதிர் வீட்டுக்காரர். ஏசி ரூமில் வைக்கச் சொன்னாள் நித்யா. படுக்கையறைக்குத் தூக்கிப்போனோம். டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்துவிட்டு, நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதற்கும் அது மசியவில்லை.

அந்த வாரம் செல்வி வந்தவள், கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டாள். “சார், எங்க பக்கத்து வூட்டுப் பையன், மாரின்னு பேரு, வர்ற வெள்ளிக்கெழம ஓமனுக்குக் கெளம்புது. கருவாடு, ஊறுகாய்லாம் கட்டிகினு கீறேன். அதோட சேத்து வீடியோவயும் குட்த்தனுப்பலாம்ல? போன்ல அனுப்சா சின்னதாத் தெரியும். அவன் ரூம்ல டிவி கீதாம், எல்லாப் பசங்களோட குந்தி பாப்பான்.”

“ஆயிடும் செல்வி” என்றார் இவர். சொல்லும்போது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

தனசேகருக்குப் போன் செய்யுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். தானே மாட்டியதை இன்னொருவன் வந்து பிரிப்பதா? வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பையன் தங்கையின் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருக்கிறான். இங்கே இவர் வீம்பு பிடிக்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவர் கண் முன்னாலேயே நான் போன் போட்டேன்.

தனசேகர் மத்தியானமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். “ஒயர்லாம் சூப்பரா கட்டிக்கீறீங்க சார்” என்றார். பிறகு, பிராசஸரின் சூட்டை இழுப்பதற்காக அதன் மேல் உட்காரவைத்திருக்கும் கூலரைக் கழற்றினார். கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

“சார்! இன்னா சார் இது! அடியில ஒட்டிக்கீற பிளாஸ்டிக்க உரிக்கவே இல்லியே! இது நடுவுல குந்திகினு இருந்தா சூடு எப்டி சார் கூலருக்குப் போவும்? வேல ஜாஸ்தியானா கொதிச்சுப் போயி, தன்னாலயே அணைஞ்சிக்கும்.”

பிறகு அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார், உறையோடு. ஃப்ரிட்ஜைப் பார்த்தார், உறையோடு. ரிமோட்டைப் பார்த்தார். “ஓகோ, வூடே இப்டித்தானா!” என்று இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

“ஆமாம்பா, என் கெட்ட பழக்கம்” என்று இவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷச் சண்டை! கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன்!

தனசேகர் அந்த உறையை உரித்து மேஜை மேல் போட்டார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு துண்டு. எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலை கசங்கிப் போயிருந்தது. அங்கே நகக்கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. நெம்பி, வழுக்கி, மறுபடி நெம்பிய கீறல்கள். அந்தக் காலையில் சத்தமே இல்லாமல் போன அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் சிரிப்பு நின்றுபோயிற்று.

என் டிபார்ட்மென்ட்

தனசேகர் புதிதாகச் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, கூலரை மாட்டி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். இவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“உரிக்கப் பாத்தீங்க, இல்ல?” என்றேன்.

இவர் நிமிரவில்லை.

“பாத்தேன். ஓரம் நகத்துல மாட்டல, வசந்தி. மாட்டினா கை நிக்கல. மெல்லிசாத்தானே இருக்கு, பரவாயில்லன்னு விட்டுட்டேன்.” பிறகு, “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“கடைக்குப் போறதுக்கு முன்னாடியே.”

“அதான் பெரிசுன்னியா?”

“ஆமாம்.”

இவர் வலது கையை மேஜை மேல் எடுத்துவைத்தார். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை மாதங்களில் முதல் முறையாக அதை நான் பார்க்கும்படி வைத்தார்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. இந்த வீட்ல உரிக்கறது என் டிபார்ட்மென்ட் ஆச்சே” என்றேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. இவரும் அழுதார். ஒருவரையொருவர் தேற்றத் தெரியாமல், இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரை மௌஸ் என் கையில் இருந்தது. இவர் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். துண்டுகளை முதலிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாக நேராக்கினோம். முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆயிற்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தாலி கட்டும் துண்டு வந்தது. அழுத்தினேன். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி இருந்தது.

“இது வேலை செய்யலீங்க” என்றேன்.

“செய்யுது. அதுல சரிபண்ண ஒண்ணும் இல்ல. அது ஆடல.”

“எப்படி?”

இவர் என் இடது தோளைப் பார்த்தார்.

மேளம் உச்சத்தில் முழங்க, அட்சதை பறக்க, மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சுப் போட, தேவி கண்ணை மூட, அத்தனையும் பாறையில் வைத்து எடுத்த மாதிரி நின்றது. நடுவில், மெதுவாக, “என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க” என்று என் குரல். “சும்மா நில்லு” என்று இவர் குரல்.

இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றேன். இவர் எடுக்கவில்லை.

கருவாட்டோடு போன கல்யாணம்

படம் ஒரு தடவைகூட அணையாமல் முழுசாக வெளியே வந்தது. பென்டிரைவைச் செல்வி ஒரு டப்பாவில் போட்டு, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கு நடுவில் செருகி மாரியிடம் கொடுத்தனுப்பினாள். கொஞ்ச நாள் கழித்து வந்தவள், கூடையை மறந்துவிட்டுப் பேசினாள்.

“தாலி கட்ற எடத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தானாம் சார். ‘யம்மா, நானே அங்க நின்னுகினு பாத்தாப்ல கீது’ன்னான். டீச்சரம்மா சத்தம் ஒண்ணு வருதே, அதக் கேட்டுப் பசங்கல்லாம் சிரிச்சாங்களாம்.”

இவர் சிரித்தார். கை வெளியே இருந்தது.

டாக்டரிடம் போனோம். வியாதியின் பெயர் இங்கே எதற்கு? மாத்திரை கொடுத்திருக்கிறார், கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது என்றார். காபி இப்போது பிடி வைத்த கப்பில்தான், எனக்கும் சேர்த்து. ஃப்ரிட்ஜ் உறை அப்படியே இருக்கிறது. ஏனோ அதை உரிக்க எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் தேவிக்கு வளைகாப்பு. அதே கூடம், அதே உப்புக் காற்று. இந்த முறையும் குமாரால் வர முடியவில்லை. நலங்கு வைக்கத் தட்டை எடுத்துவந்ததும், இவர் கேமராவை வெளியே எடுத்தார். நான் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானே போய் இவருக்கு முன்னால், இடது தோள் இவர் கைக்கு எட்டும்படி நின்றேன். முழங்கை வந்து தோளில் உட்கார்ந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செல்வி முதல் வளையலைப் போட்டாள். எனக்குக் கண் நிறைந்து, தோள் லேசாகக் குலுங்கிவிட்டது.

“ஆடாம நில்லு” என்றார் இவர்.